அவுட்போர்டு ஸ்டியரிங் இறுகிவிட்டது: கேபிளா, டில்ட் டியூபா, ஸ்விவல் பிராக்கெட்டா?

#1 கொண்டல்

21 அடி ஃபைபர் படகு. 40 ஹெச்பி இரண்டு ஸ்ட்ரோக் அவுட்போர்டு (படகின் பின்புறம் வெளியே மாட்டும் எஞ்சின்), வீல் ஸ்டியரிங், ஒற்றைக் கேபிள். ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் படகு கரையில் ஏற்றிக் கிடந்தது. இப்போது வீலை வலப்பக்கம் திருப்பினால் கஷ்டப்பட்டு வருகிறது. இடப்பக்கம் திருப்ப இரண்டு கையும் போட்டு இழுக்க வேண்டியிருக்கிறது. படகு கரையில்தான் நிற்கிறது, தண்ணீரில் இல்லை.

இதுவரை செய்தது: டில்ட் டியூபின் (எஞ்சினைத் தூக்கி இறக்கும் அச்சான குழாய், ஸ்டியரிங் ராடு இதற்குள்தான் ஓடுகிறது) இரண்டு முனையிலும் டபிள்யூடி-40 அடித்தேன். அரை நாள் லேசாக இருந்தது, மறுநாள் பழையபடி. ஸ்விவல் பிராக்கெட்டில் (எஞ்சின் இடம் வலம் திரும்பும் ஷாஃப்ட்டைத் தாங்கும் வார்ப்பு) இருக்கும் கிரீஸ் நிப்பிளில் (கிரீஸ் உள்ளே செலுத்தும் சின்ன முனை) கிரீஸ் கன் வைத்து அடித்தால் கிரீஸ் உள்ளே போகாமல் நிப்பிளைச் சுற்றி வெளியே பிதுங்குகிறது. எதை முதலில் கழற்ற வேண்டும்? கேஸ் டார்ச் வைத்துச் சூடு காட்டலாமா?

#2 வாடை

முதலில் வீலை முறுக்குவதை நிறுத்துங்கள். இறுகிய பக்கம் பலம் போட்டால் ஹெல்ம் பெட்டிக்குள் (வீலுக்குப் பின்னால் கேபிளை இழுத்துத் தள்ளும் பல்சக்கரப் பெட்டி) இருக்கும் பல்லோ, கேபிள் முனையோ போய்விடும். அப்புறம் ஒரு வேலை மூன்று வேலையாகும்.

டார்ச், கிரீஸ் இரண்டும் பிறகு. எந்த இடம் பிடித்திருக்கிறது என்று தெரியாமல் எதையும் ஊற்றாதீர்கள். வீலிலிருந்து எஞ்சின் வரை உரசக்கூடிய இடங்கள் நான்கு: ஹெல்ம் பெட்டி, கேபிளின் உள்கம்பி, கேபிள் முனையில் இருக்கும் ஸ்டீல் ராடு டில்ட் டியூபுக்குள் ஓடும் இடம், எஞ்சின் இடம் வலம் திரும்பும் ஸ்விவல் ஷாஃப்ட். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

எஞ்சினை நேராக இறக்கி வையுங்கள். ராடு முனையையும் எஞ்சினின் ஸ்டியரிங் ஆர்மையும் சேர்க்கும் லிங்க்கைக் கழற்றுங்கள். இப்போது எஞ்சினைக் கையால் இடம் வலமாகத் தள்ளிப் பாருங்கள். இந்த அளவு எஞ்சின் ஒரு கைக்கு, சீரான லேசான பிடிப்போடு, முட்டாமல் வர வேண்டும். வரவில்லை என்றால் ஸ்விவல் ஷாஃப்ட் பிடித்திருக்கிறது.

லிங்க் கழன்ற நிலையிலேயே வீலைத் திருப்புங்கள். இன்னும் கனமாக இருந்தால் கோளாறு டில்ட் டியூப், கேபிள், ஹெல்ம் மூன்றில் ஒன்று. ராடை டியூபிலிருந்து முழுதாக வெளியே உருவிவிட்டு மறுபடி வீலைத் திருப்புங்கள். லேசாகிவிட்டால் டியூபுக்குள் உப்பும் துருவும்தான். அப்போதும் கனமாக இருந்தால் கேபிளை ஹெல்மிலிருந்து கழற்றி ஹெல்மை மட்டும் சுற்றிப் பாருங்கள். ஹெல்ம் லேசாகச் சுற்றினால் கேபிள் செத்துவிட்டது.

ஒரே நேரத்தில் இரண்டு இடம் பிடித்திருப்பதும் சகஜம். அதனால் முதல் சோதனையில் ஒன்று அகப்பட்டாலும் மற்றதையும் முடித்துவிடுங்கள்.

#3 சோழகம்

வாடை சொன்னது சரி. வீல் இல்லாமல் ஹேண்டிலைக் கையால் தள்ளும் வெளியிணைப்பு இயந்திரக்காரரும் (அவுட்போர்டுதான்) இதை வாசிப்பினம் எண்டபடியால் ஒரு சேர்க்கை: ஹேண்டில் வைத்த இயந்திரத்தில் ஸ்டியரிங் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு ஃப்ரிக்‌ஷன் திருகோ லீவரோ இருக்கும். எதையும் கழற்ற முன் அதைத் தளர்த்திப் பாருங்கோ. அதைத் தளர்த்தியும் இறுக்கம் குறையாட்டித்தான் ஷாஃப்ட்டைச் சந்தேகப்பட வேணும். பார்த்து முடிந்ததும் பழைய இறுக்கத்துக்குக் கொண்டுவர மறக்க வேண்டாம். அது முழுக்கத் தளர்ந்திருந்தால் ஓடும்போது கை எடுத்த கணமே இயந்திரம் ஒரு பக்கம் மடங்கும், ஆள் தூக்கி எறியப்படும்.

நிப்பிள் விஷயம்: பிதுங்குகிறது எண்டால் நிப்பிள் அடைத்திருக்கலாம், அல்லது பின்னால் இருக்கிற பாதை அடைத்திருக்கலாம். நிப்பிளைக் கழற்றிக் கையில் வைத்து கன்னால் அடியுங்கோ. கிரீஸ் வந்தால் நிப்பிள் நல்லது, பாதைதான் அடைப்பு. வராவிட்டால் மண்ணெண்ணெயில் ஒரு இரவு ஊறப்போட்டு, உள்ளிருக்கும் குண்டைக் கம்பியால் அழுத்திப் பாருங்கோ. அசையாட்டி புதிசு போடுங்கோ, விலை அற்பம். புதிசு வாங்கும்போது பழையதைக் கையில் கொண்டுபோங்கோ. மில்லிமீட்டர் மரையும் அங்குல மரையும் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும். மாற்றி முறுக்கினால் அலுமினிய மரை போய்விடும்.

#4 கொண்டல்

முதல் இரண்டு சோதனை முடிந்தது. லிங்க் இல்லாமல் எஞ்சினைத் தள்ளினால் மிகவும் கனம். மீன் நிறுக்கும் ஸ்பிரிங் தராசை ஸ்டியரிங் ஆர்ம் முனையில் மாட்டி இழுத்தேன். 19 கிலோ காட்டிய பிறகுதான் நகர ஆரம்பிக்கிறது, நகர்ந்தாலும் 14க்குக் கீழே இறங்கவில்லை. வீல் தனியாகத் திருப்பினாலும் கனம்தான், முன்பு அளவுக்கு இல்லை. ராடை உருவப் பார்த்தால் வரவில்லை. கேபிளை டியூபோடு பூட்டும் பெரிய நட் கழன்றுவிட்டது. ராடு டியூபுக்குள் நிற்கிறது. சுத்தியலால் தட்டலாமா?

நிப்பிள் கையில் வைத்து அடித்தபோது கிரீஸ் வந்தது.

#5 வாடை

ராடு முனையில் சுத்தியல் படவே கூடாது. லிங்க் மாட்டும் துளையுள்ள அந்த முனை கொஞ்சம் நசுங்கி விரிந்தாலும் போதும், அது டியூபுக்குள் நுழையாது, கேபிளை அறுத்துத்தான் எடுக்க வேண்டிவரும்.

ராடு திரும்பிப் போக வேண்டிய பக்கம் கேபிள் வருகிற பக்கம், அதாவது பெரிய நட் இருந்த பக்கம். முறை இது. முதலில் வீலைத் திருப்பி ராடை எவ்வளவு வெளியே வருமோ அவ்வளவு வெளியே கொண்டுவாருங்கள். வெளியே தெரியும் பகுதியில் வரட்டிப்போன கிரீஸ், உப்புப் பொருக்கு எல்லாவற்றையும் மரச் சீவலால் சுரண்டி, 400 எண் எமரி தாளைச் சுற்றிப் பிடித்துத் தேய்த்து, பனியன் வேஸ்டால் துடையுங்கள். இந்தப் பொருக்கோடு ராடை உள்ளே இழுத்தால் ஆப்பு அடித்த மாதிரி நின்றுவிடும். பலருக்குச் சிக்குவது இதனால்தான்.

பிறகு டியூபின் இரண்டு வாயிலும் துருநீக்கி எண்ணெய் விட்டு ஓர் இரவு வையுங்கள். மறுநாள் கெட்டிலில் கொதிக்கும் தண்ணீரை டியூபின் மேல், எஞ்சினைப் படகில் கவ்வும் இரண்டு கிளாம்ப் பிராக்கெட்டுக்கு நடுவில் தெரியும் இடத்தில், இரண்டு மூன்று லிட்டர் மெதுவாக ஊற்றுங்கள். ஒருவர் வீலை லேசாக இரண்டு பக்கமும் அசைக்க, இன்னொருவர் ராடைத் தள்ள வேண்டும். தட்டியே ஆக வேண்டுமென்றால் ராடின் விட்டத்தைவிடச் சிறிய பித்தளைத் தண்டை ராடு முனையில் முட்டுக்கொடுத்து, தண்டின் மேல் சின்னச் சின்ன அடியாக. அரை அங்குலம் போனால் மறுபடி கால் அங்குலம் திரும்பக் கொண்டுவாருங்கள். ஒரே பக்கமாக அடித்துக்கொண்டே போகாதீர்கள்.

எதற்கும் வரவில்லை என்றால் கேபிளையும் டியூபையும் சேர்த்து மாற்ற வேண்டும். அந்த நிலைக்குப் போனால் ஒன்றை மனதில் வையுங்கள்: டில்ட் டியூப் வெறும் குழாய் இல்லை, எஞ்சின் மேலே தூக்கி இறக்கும் அச்சே அதுதான். எஞ்சினைச் செயின் பிளாக்கில் தொங்கவிடாமல் டியூபின் நட்டுகளைத் தொடாதீர்கள்.

#6 கச்சான்

டார்ச் கேள்விக்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை. அதோடு ஸ்விவல் ஏன் இறுகுகிறது என்பதையும் எழுதிவிடுகிறேன். காரணம் தெரிந்தால்தான் மருந்து புரியும்.

ஸ்விவல் பிராக்கெட் அலுமினிய வார்ப்பு. உள்ளே சுழலும் ஷாஃப்ட் ஸ்டீல். மேலும் கீழும் பிளாஸ்டிக் புஷ் (ஷாஃப்ட்டைச் சுற்றித் தாங்கும் வளையம்), நடுவில் கிரீஸ் நிற்க இடைவெளி. கடல்நீர் உள்ளே போனால் இரண்டு உலோகமும் உப்புநீரும் சேர்ந்து ஒரு பேட்டரி செல் ஆகிறது. அதில் அரிபடுவது அலுமினியம். அரிந்த அலுமினியம் வெள்ளைப் பொடியாகிறது. அந்தப் பொடி பிடிக்கும் இடம் மூல உலோகத்தைவிடப் பல மடங்கு. இடைவெளியை நிரப்பி, புஷ்ஷைப் பின்னாலிருந்து உள்நோக்கி நெரித்து, ஷாஃப்ட்டைக் கவ்விக்கொள்கிறது. பழைய கிரீஸின் எண்ணெய் வடிந்துபோய் மீதமிருக்கும் சோப்பு மெழுகு போல உறைந்து கிரீஸ் வழியையும் மூடிவிடும். கொண்டலுக்கு நிப்பிள் நல்லதாக இருந்தும் கிரீஸ் போகாதது இதனால்.

அதனால்தான் மேலே மேலே கிரீஸ் அடிப்பதில் பயனில்லை. டபிள்யூடி-40 அரை நாள் உதவியதும் அதே கதை. அது மெல்லிய எண்ணெய், பொடியை நனைக்கும், வெளியேற்றாது. மிச்சமிருந்த கிரீஸையும் கரைத்துவிட்டுப் போகும்.

சூடு நல்ல மருந்துதான். ஒரு டிகிரிக்கு அலுமினியம் மீட்டருக்கு 23 மைக்ரான் விரியும், துருப்பிடிக்காத ஸ்டீல் 17, சாதா ஸ்டீல் 12. ஷாஃப்ட் 30 மிமீ என்று வைத்து, 70 டிகிரி சூடேற்றினால் இரண்டுக்கும் இடையில் 0.01 முதல் 0.02 மிமீ வரை இடைவெளி கூடும். சின்ன எண்ணாகத் தெரியும், ஆனால் பொடியின் பிடி தளர அதுவே போதும். கணக்கில் எடுத்த 70 டிகிரி ஏற்றம் கொதிநீரிலேயே கிடைத்துவிடுகிறது. கேஸ் டார்ச்சின் சுடர் ஒரே இடத்தில் பாய்ந்து பெயின்ட்டைக் கொப்பளிக்க வைக்கும், பிளாஸ்டிக் புஷ்ஷை உருக்கும். உருகிய புஷ் ஆறினால் ஷாஃப்ட்டோடு ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு முழுதாகக் கழற்றாமல் தீர்வில்லை. பெட்ரோல் டேங்க், ஹோஸ் பக்கத்தில் சுடர் கொண்டுபோவது வேறு ஆபத்து. கொதிநீர், இல்லையென்றால் ஹீட் கன். இந்த இரண்டைத் தவிர வேறு எந்தச் சூடும் வேண்டாம்.

#7 நங்கூரம்

பிராக்கெட்டின் நடுவில் 5 மிமீ துளை போட்டு மரை வெட்டி இன்னொரு நிப்பிள் வைத்துவிட்டால் கிரீஸ் நேராகப் போகும். ஏற்கெனவே இருக்கும் வழியோடு போராட வேண்டியதில்லை.

#8 கச்சான்

முழுதாகக் கழற்றி, ஷாஃப்ட் வெளியே இருக்கும்போது என்றால் செய்யலாம். ஷாஃப்ட் உள்ளே இருக்கும்போது துளை போட்டால் டிரில் முனை ஷாஃப்ட்டில் கோடு கிழிக்கும், அலுமினியச் சீவல் எல்லாம் உள்ளேயே தங்கும். இப்போது இருப்பது பொடி, அதற்கு மேல் சீவலும் சேரும். தவிர அந்த வார்ப்புதான் எஞ்சினின் முழு உந்துவிசையையும் தாங்குகிறது. எங்கே கனம், எங்கே மெலிவு என்று தெரியாமல் துளை போடுவதை நான் ஏற்கமாட்டேன். இருக்கும் துளையைத் திறப்பதே நேர்வழி.

#9 சோழகம்

அந்த வழியைத் திறக்கிற முறை. நிப்பிளைக் கழற்றின துளையில் 3 மிமீ டிரில் பிட்டை விரலால் பிடித்துத் திருப்புங்கோ. மெசினில் மாட்ட வேண்டாம். பச்சைமெழுகு போல ஒண்டு பிட்டில் சுற்றி வரும். அதைத் துடைத்துத் துடைத்து, பிட் ஷாஃப்ட்டில் முட்டுகிற வரை எடுங்கோ. முட்டியதும் நிறுத்துங்கோ.

பிறகு ஊசியில்லாத 20 மில்லி சிரிஞ்சில் டீசல் எடுத்துத் துளைக்குள் அழுத்துங்கோ. முதல் நாள் 5 மில்லிகூடப் போகாது. பிராக்கெட் மேல் கொதிநீர் ஊற்றி, தண்ணி வடிந்து காய்ந்ததும், இயந்திரத்தை அசைத்து அசைத்துத் திரும்ப அழுத்துங்கோ. மேல் புஷ், கீழ் புஷ் இரண்டாலும் கறுப்பாகவோ வெள்ளைப் பாலாகவோ கசிய வேணும். ஒரு பக்கத்தால் மட்டும் கசிந்தால் மற்றப் பக்கம் இன்னும் அடைப்பு.

டீசலுக்குப் போகாட்டி வாகனங்களின் தானியங்கி கியர் பெட்டிக்கு விடுகிற ஏடிஎஃப் எண்ணெயும் அசிட்டோனும் சம பங்கு கலந்து பாவிக்கலாம். அது நுண்ணிய இடத்துக்குள் நல்லாக இறங்கும். ஆனால் அசிட்டோன் பெயின்ட்டைத் தின்னும், ரப்பர் சீலை ஊத வைக்கும், ஆவி சட்டெண்டு தீப்பிடிக்கும். அது விட்ட நாளில் ஹீட் கன் கிட்டவும் கொண்டுபோக வேண்டாம். போத்தலைக் குலுக்கின உடனே விட வேணும், இல்லாட்டி இரண்டும் பிரிந்துவிடும்.

அசைக்கிறது எப்படி எண்டதும் முக்கியம். ஹேண்டிலிலோ ஸ்டியரிங் ஆர்மிலோ பைப் மாட்டி நெம்ப வேண்டாம், உடைகிறது அதுதான். இயந்திரத்தைப் பாதி தூக்கி வைத்து, கீழே புரொப்பல்லர் இருக்கிற கியர் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்து இடம் வலமாக ஆட்டுங்கோ. நீளமான கை கிடைக்கிறது, விசையும் ஷாஃப்ட்டுக்கு நேராகப் போகிறது. தூக்கிப் பூட்டின லாக் சரியாக விழுந்ததோ எண்டு முதல் பார்த்துக்கொள்ளுங்கோ.

#10 கொண்டல்

ராடு வந்துவிட்டது. எமரி, ஓர் இரவு எண்ணெய், இரண்டு கெட்டில் கொதிநீர். பித்தளைத் தண்டு தேவைப்பட்டது, லேசான தட்டுதான். டியூபுக்குள் விரல் விட்டால் காவி நிறப் பசை, கூடவே மணல் மாதிரி உறுத்துகிறது. ராடு வெளியே இருக்கும்போது வீல் ஒரு விரலுக்குத் திரும்புகிறது. அப்படியானால் கேபிள் தப்பித்ததா?

ஸ்விவல் இன்னும் முடியவில்லை. மூன்றாவது நாள் டீசல். கீழே மட்டும் கசிகிறது, மேலே இல்லை. தராசு இப்போது 11 கிலோ.

#11 வாடை

வீல் லேசாகத் திரும்புவது மட்டும் போதாது, கேபிளையும் பார்த்துவிடுங்கள். வெளிப்பக்க பிளாஸ்டிக் உறை முழுவதையும் கையால் வருடுங்கள். எங்காவது புடைப்பு, வெடிப்பு, காவிக்கறை இருந்தால் உள்ளே தண்ணீர் போய்க் கம்பி துருப்பிடித்து ஊதியிருக்கிறது. அதைக் காப்பாற்ற வழி இல்லை. கேபிளுக்குள் எண்ணெய் விடுகிற வேலையை நான் யாருக்கும் சொல்வதில்லை. உள்மசகு தயாரிக்கும்போதே வைத்து மூடப்பட்டது. நாம் விடும் எண்ணெய் அதைக் கரைத்துவிடும், இரண்டு வாரம் லேசாக ஓடும், பிறகு கடலில் போகும்போது அறுந்து நிற்கும். புதுசு வாங்கினால் உறையில் அச்சிட்ட எண்ணைப் படியுங்கள், நீளம் பெரும்பாலும் அதிலேயே அடிக் கணக்கில் இருக்கும். போடும்போது எட்டு அங்குல ஆரத்துக்குக் குறைவாக எங்கும் மடக்கக் கூடாது.

ராடின் மேல் இரும்பு ஸ்கேலை நீளவாக்கில் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். இடையில் ஒளி தெரிந்தால் வளைந்திருக்கிறது. நகத்தால் குறுக்கே கீறும்போது குழியில் மாட்டினாலும் அந்த ராடு வேண்டாம். அது புது டியூபையும் அறுக்கும்.

டியூபைச் சுத்தம் செய்ய, உள்விட்டத்தைவிட 2 மிமீ பெரிய பித்தளைக் கம்பிக் குழாய் பிரஷ் வேண்டும். டிரில்லில் மாட்டி, மண்ணெண்ணெய் நனைத்து, மெதுவான வேகத்தில் இரண்டு வாயிலிருந்தும் பத்துப் பத்துத் தடவை. பிறகு 12 மிமீ மரக்குச்சியில் பிளவு போட்டு 400 எமரியைச் செருகி ஒரு சுற்று. கடைசியாகக் குச்சியில் பனியன் வேஸ்ட் கட்டி, வேஸ்ட் வெள்ளையாக வரும் வரை உருவ வேண்டும். இந்தக் கடைசி வேலையில்தான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். எமரித் தூள் ஒரு சிட்டிகை தங்கினாலும் அது கிரீஸோடு சேர்ந்து அரைக்கும் பசையாகிவிடும். நீங்கள் விரலில் மணல் போல உணர்ந்ததும் அந்த ரகம்தான்.

#12 நங்கூரம்

கிரீஸ் எது? கடையில் எல்லோரும் ஏபி3 தருகிறார்கள். லாரி வீலுக்குப் போடுவது. கருப்பு கிராஃபைட் கிரீஸ் இன்னும் வழவழப்பாக இருக்கிறது, அதுவே போடலாம் அல்லவா?

#13 கச்சான்

கிராஃபைட் வேண்டவே வேண்டாம். கிராஃபைட் மின்கடத்தி. உப்புநீரில் அலுமினியத்தோடு சேர்ந்தால் அரிப்பை அதுவே வளர்க்கும். செம்புத்தூள் கலந்த பசையும் அப்படித்தான்.

ஏபி3 லித்தியம் கிரீஸ். லாரிக்குச் சரி. உப்புநீர் அடிக்கடி படும் இடத்தில் கழுவிக்கொண்டு போய்விடும். கிடைக்குமானால் அவுட்போர்டு கம்பெனிகள் விற்கும் மரைன் கிரீஸ், இல்லையென்றால் கால்சியம் சல்ஃபோனேட் வகை, தடிப்பு எண் 2. பழைய கிரீஸ் என்ன வகை என்று தெரியாதபோது அதன் மேலேயே புதுசை அடிக்காதீர்கள். சில வகைகள் கலந்தால் நீர்த்து ஓடும், சில கலந்தால் கெட்டிப்படும்.

அளவைப் பொறுத்தவரை, கையால் அடிக்கும் கன் ஓர் அடிக்கு ஏறத்தாழ 1 கிராம் தள்ளும். ஐந்து அடி, பிறகு எஞ்சினை முழு இடம் முழு வலம், மறுபடி ஐந்து அடி. மேலும் கீழும் சுத்தமான கிரீஸ் வளையமாக வரும் வரை. பழைய நிறம் வந்துகொண்டிருக்கும்வரை நிறுத்தாதீர்கள்.

#14 வாடை

டில்ட் டியூபிலோ ராடிலோ நிப்பிள் இருக்கும் மாடலுக்கு ஒரு எச்சரிக்கை. கிரீஸ் அடிக்கும் முன் வீலைத் திருப்பி ராடை முழுவதும் உள்ளே இழுத்துவிடுங்கள். ராடு வெளியே நீண்டிருக்கும்போது டியூபுக்குள் கிரீஸ் நிரப்பினால், ராடு திரும்பி உள்ளே வர இடம் இருக்காது. கிரீஸ் அமுங்காது. ஸ்டியரிங் ஒரு பக்கம் பூட்டிக்கொள்ளும். கரையில் பூட்டினால் பரவாயில்லை, அலைக்கு நடுவில் பூட்டினால் படகைத் திருப்ப முடியாது.

நிப்பிள் இல்லாத டியூபுக்கு, சுத்தம் செய்த ராடில் மெல்லிய பூச்சாகத் தடவிச் செருகினால் போதும். டியூபை அடைத்து நிரப்ப வேண்டாம்.

#15 கொண்டல்

மேல் புஷ்ஷிலும் கசிந்துவிட்டது. ஐந்தாவது நாள். முதலில் வெள்ளைப் பால், பிறகு பழுப்பு, பிறகு டீசல் நிறம். அதற்குப் பிறகு மரைன் கிரீஸ் 45 அடி போனது. இரண்டு பக்கமும் புது கிரீஸ் வந்துவிட்டது. தராசு 3 கிலோ. கேபிள் உறையில் புடைப்பு இல்லை, ராடு நேராக இருக்கிறது. பழைய லிங்க்கின் போல்ட் நட்டையே மாட்டலாமா? நட்டுக்குள் நீல நைலான் வளையம் இருக்கிறது.

#16 சோழகம்

அந்த நட்டைத் திரும்பப் பாவிக்க வேண்டாம். நைலான் ஒருக்கா மரையைப் பிடித்துக் கழன்றால் பிடி குறைந்துவிடும். இயந்திர அதிர்வில் கழன்று லிங்க் விழுந்தால் வீல் சும்மா சுற்றும், இயந்திரம் தன்பாட்டில் மடங்கும். அதே தரத்தில் துருப்பிடிக்காத புது லாக் நட் போடுங்கோ. சாதா நட், ஸ்பிரிங் வாஷர் சரிவராது. மாட்டின பிறகு லிங்க் தன் மூட்டில் தடையில்லாமல் மடங்க வேணும், அதேநேரம் ஆட்டம் இருக்கக் கூடாது. போல்ட் துளை முட்டை வடிவமாகத் தேய்ந்திருந்தால் லிங்க்கையும் மாற்றுங்கோ.

#17 வாடை

எல்லாம் பூட்டிய பிறகு எஞ்சினை இறக்கி வைத்து முழு இடம், முழு வலம். பிறகு முழுதாகத் தூக்கி வைத்து மறுபடி முழு இடம், முழு வலம். தூக்கிய நிலையில் கேபிள் எங்காவது இழுபடுகிறதா, பேட்டரி வயரிலோ பெட்ரோல் ஹோஸிலோ உரசுகிறதா என்று பாருங்கள். இந்த இரண்டாவது சோதனையைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

தண்ணீரில் இறக்கியபின் ஓடும்போது மட்டும் ஒரு பக்கம் இழுத்தால் அது மசகுக் கோளாறு இல்லை. புரொப்பல்லருக்கு மேலே தகட்டின் அடியில் இருக்கும் சின்ன வால் போன்ற டிரிம் டேப் சரியாக இல்லை. படகு இடப்பக்கம் இழுத்தால் அதன் பின்முனையை இடப்பக்கம், வலம் இழுத்தால் வலப்பக்கம், கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி ஓட்டிப் பாருங்கள். அது அரிப்பைத் தாங்கும் அனோடாகவும் வேலை செய்கிறது, அதன் மேல் பெயின்ட் அடிக்காதீர்கள்.

#18 கொண்டல்

புது லாக் நட் போட்டாயிற்று. தூக்கியும் இறக்கியும் பார்த்துவிட்டேன், எங்கும் இழுபடவில்லை. இனி எத்தனை நாளுக்கு ஒருமுறை கிரீஸ் அடிக்க வேண்டும்? அடுத்த மழைக்காலத்தில் கரையில் ஏற்றினால் ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பி நிறுத்துவது?

#19 கச்சான்

கம்பெனிப் புத்தகங்களில் பொதுவாக 100 மணி நேரம் அல்லது ஆறு மாதம் என்று இருக்கும். நம் உப்புக்கு அது போதாது. தினம் ஓடும் படகென்றால் மாதம் ஒருமுறை, பத்து அடி. கடலுக்குப் போய் வந்ததும் நன்னீரில் ராடு, டியூப் வாய், ஸ்விவல் மேல் கீழ் மூன்றையும் கழுவித் துடையுங்கள். ப்ரெஷர் வாஷரை புஷ் விளிம்பில் நேராகக் காட்டாதீர்கள், கிரீஸைத் தள்ளி உப்பை உள்ளே அனுப்பும்.

நிறுத்தும்போது ராடு டியூபுக்குள் முழுதாக ஒளிந்திருக்கும் பக்கம் திருப்பி நிறுத்துங்கள். வெளியே நீண்டு நின்ற ராடில்தான் உப்புப் படிகிறது. உங்களுக்கு இந்த முறை ராடு சிக்கியதும் அப்படித்தான் இருக்க வேண்டும். கரையில் கிடக்கும் நாளில் வாரம் ஒருமுறை வீலை முழுதாக இரு பக்கமும் சுற்றிவிட்டு, மறுபடி உள்ளே இழுத்து நிறுத்துங்கள். சுற்றுவதற்கு முன் ராடு முனையையும் டியூபின் வாயையும் துடைக்க வேண்டும்.